ஞாயிறு நாலு மணி ஒயின்

நாங்கள் முதன்முதலாக வாங்கிய ஒயின் பாட்டிலைத் திறக்க எங்கள் வீட்டில் இருந்த ஒரே கருவி ஸ்க்ரூடிரைவர். என் கணவர் அதைக் கார்க்கின் தலையில் வைத்து உள்ளங்கையால் ஓங்கிக் குத்தினார். கார்க் மேலே வருவதற்குப் பதில் உள்ளே போய் விழுந்து மிதந்தது. கார்க் தூளைப் பிரிக்க டீ வடிகட்டியை எடுத்து வந்தேன். அதில் காலை டீயின் வாசனை இன்னும் இருந்தது. இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் வடிகட்டி ஊற்றினோம்.

அதற்கு முன்னால் இன்னொரு தப்பும் செய்திருந்தோம். குளிர்பானத்தை வைப்பது மாதிரி அந்தப் பாட்டிலை மூன்று மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்திருந்தோம். அவர் பழக்க தோஷத்தில் டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளப் போய், நல்ல வெள்ளைச் சட்டையின் கழுத்திலிருந்து பொத்தான் வரை சிவப்பாக இறக்கிக்கொண்டார். நான் சிரித்த சிரிப்பில் கீழ் வீட்டுக்காரர் கூரையைத் தட்டியிருப்பார். அப்படிச் சிரித்து நாளாகியிருந்தது.

இது தொண்ணூற்றெட்டாம் வருஷ வசந்தத்தில், ஜெர்சி சிட்டியில். நாங்கள் இருவருமே வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் கான்ட்ராக்ட் ஆட்கள். அவருடைய ப்ராஜெக்ட் முடிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அன்றைக்கு மில்பிடாஸிலிருந்து வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. கலிஃபோர்னியாவில், நாட்டின் அந்தக் கோடியில். என் கம்பெனி எனக்கு கிரீன் கார்டுக்கு அப்போதுதான் மனுப் போட்டிருந்தது. நான் வேலையை விட்டால் மனு குப்பைக்குப் போகும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். என் மனுவில்தான் அவர் பெயரும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அவர் போவது, நான் இருப்பது என்று முடிவு செய்தோம். ஒரு வருஷம்தானே என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். எங்களைப் போன்றவர்கள் அப்போது எல்லா முடிவையும் 'கிரீன் கார்டு வரட்டும்' என்றுதான் எடுத்தோம். குழந்தை, வீடு, சோபா வாங்குவது வரை.

அந்த உத்தரவைக் கொண்டாடத்தான் ரயில் நிலையத்திலிருந்து வரும் வழியில் இருந்த மதுக்கடைக்குள் முதல்முறையாகப் போனோம். கடை ஒரு குஜராத்தி குடும்பத்துடையது. கல்லாவில் கடைக்காரரின் மனைவி, பின்னால் பெட்டி அடுக்குவது அவருடைய தம்பி. கடைக்கார அங்கிள் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை, முட்டைகூடத் தொடமாட்டார். எதை வாங்குவது என்று கேட்டதும் கீழ்த்தட்டிலிருந்து ஸ்பெயின் நாட்டுச் சிவப்பு ஒயின் ஒன்றை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். விலை ஏழு டாலருக்கும் கீழே. மலிவாக இருக்கிறதே என்று என் கணவர் இழுத்தார். அங்கிளுக்குக் கோபம் வந்துவிட்டது. தெரு முனையில் உணவகம் நடத்தும் சமையல்காரர் தன் வீட்டுக்கென்று இதைத்தான் பெட்டி பெட்டியாக வாங்கிப் போகிறார் என்றார். மூன்று மடங்கு விலை வைக்கலாம், இதைச் செய்கிற குடும்பத்துக்கு வைக்கத் தெரியவில்லை, திராட்சையைத் தாங்களே பறித்துத் தாங்களே பிழிந்து தாங்களே அடைக்கிறார்கள், கூலி யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றார். குடிக்காத மனுஷன் ருசியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குடும்பமாகத் தொழில் செய்கிறவர்கள் ஏமாற்றமாட்டார்கள் என்பதே அவருடைய ஒரே சான்றிதழ்.

முதல் வாய் துவர்த்தது. நாவல் பழம் தின்றபின் நாக்கை இழுக்குமே, அந்தத் துவர்ப்பு. குளிர் விட்டபிறகு அடுத்த டம்ளரில் வேறு ஏதோ வந்தது, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் வெயில் பட்ட மண். எலுமிச்சை சாதத்துக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் அது அப்படி ஒத்துப்போகும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. பாட்டிலின் பின்பக்கம் ஒரு கடிதம் அச்சடித்திருந்தது. அந்தக் குடும்பம் ஒவ்வொரு வருஷமும் அந்த வருஷத்துக் கதையை நாலு வரியில் எழுதுமாம். என் கணவர் எழுந்து நின்று, கறைபட்ட சட்டையோடு, வானொலியில் செய்தி வாசிப்பவர் குரலில் அதைத் தமிழாக்கி வாசித்தார். இந்த வருஷம் மழை தாமதம். அப்பா பயந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு வரிசையாகப் பறித்தோம். கடைசிக் கூடையைத் தங்கை தூக்கி வந்தாள். இதைத் தனியாகக் குடிக்காதீர்கள்.

ஐந்து பேரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களே என்றேன் நான். அவர் சட்டையைக் கழற்றிக் குழாயடியில் போட்டார்.

அவர் போன மூன்றாம் வாரம் அந்த ஏற்பாட்டுக்கு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை எனக்கு நாலு மணி, அவருக்கு ஒரு மணி. அவர் போன் செய்வார். இருவரும் அதே ஒயினை வைத்துக்கொண்டு, தட்டில் சாதத்தைப் போட்டுக்கொண்டு, ஒன்றாகச் சாப்பிடுவோம். மில்பிடாஸில் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெரிய கடையில் அதே ஒயின் கிடைத்தது என்று அவர் சொன்னபோது சொந்தக்காரர் ஒருவர் அந்த ஊரில் இருப்பதாகத் தெரிந்தது போல எனக்கு நிம்மதியாக இருந்தது.

யோசனை என்னுடையதுதான். அதனால் அதில் கறாராகவும் இருந்தேன். சனிக்கிழமை பாட்டில் வாங்குவேன். அங்கிள் கொடுத்த ஓப்பனரை வைத்து நானே திறக்கப் பழகிக்கொண்டேன். பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், நிற்கவைத்தால் கார்க் காய்ந்துபோகும், சூடு ஆகவே ஆகாது என்று அங்கிள் சொல்லிக்கொடுத்தார். யாரோ அவரிடம் சொன்னதை அவர் என்னிடம் சொன்னார். நாலு மணிக்கு போன் அடித்ததும் அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கார்க்கை இழுப்பேன். ஆரம்பத்தில் என் கணவர் பக்கம் சத்தமே கேட்காது. ஸ்க்ரூடிரைவர் கேஸ் என்று கிண்டல் செய்வேன். சில மாதங்களில் அவர் கார்க் 'டப்' என்று என்னுடையதைவிடக் கணீரென்று கேட்க ஆரம்பித்தது. ஓப்பனர் வாங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாரத்தில் மற்ற ஆறு நாளை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் ரயில், மாலையில் ரயில். அலுவலகத்தில் 'வீக்கெண்ட் எப்படி' என்று கேட்பார்கள், பதிலுக்கு நிற்கமாட்டார்கள். துணி துவைக்கும் அறையில் மெஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், யாராவது வந்து பேசட்டும் என்று. யாராவது வந்தால் புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொள்வேன். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. செவ்வாய்க்கிழமை வைத்தது வெள்ளிக்கிழமை வரை வரும்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் மதுரைப் பக்கத்து ஆன்ட்டி ஒருவர் இருந்தார். ஒரு நவராத்திரி ஞாயிறு, சரியாக நாலே காலுக்கு, சுண்டலும் குங்குமமும் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டினார். நான் ரிசீவரை மேஜையில் போட்டுவிட்டு, பாட்டிலை அரிசி டப்பாவுக்குள் கழுத்து வரை புதைத்து, ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். குங்குமம் வாங்கிக்கொள்ளக் குனிந்தபோது மூச்சை அடக்கியதில் தலை சுற்றியது. மேஜையில் கிடந்த போன் ரிசீவரிலிருந்து என் கணவர் தனக்குத்தானே பாடுவது மெல்லிசாகக் கேட்டது. ஆன்ட்டி அதைப் பார்த்தார். "பாவம், தனியா இருக்கியேம்மா. ஞாயித்துக்கிழமை எங்ககூட சாப்பிடலாம்ல?" என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடியாது ஆன்ட்டி என்றேன். அதற்குப் பிறகும் நாலைந்து தடவை கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. கோவிலுக்குப் போகும் கூட்டம், அலுவலகத் தோழியின் குழந்தைக்குப் பிறந்தநாள், எல்லாமே ஞாயிறு மாலையில்தான் வரும், எல்லாவற்றையும் தட்டிக்கழித்தேன். பிறகு யாரும் கூப்பிடவில்லை. எனக்கு வருத்தமில்லை. நாலு மணி இருக்கிறதே என்று இருந்தேன். எங்கள் கல்யாணம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடந்துகொண்டிருக்கிறது, அது தவறினால் எல்லாம் தவறிவிடும் என்று உள்ளூர ஒரு பயம் எனக்கு இருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை.

ஒரு வருஷம் என்றது ஒன்றரை ஆயிற்று. தொண்ணூற்றொன்பது இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, புது வருஷத்துச் சரக்கு வந்திருக்கிறது என்று அங்கிள் கல்லாவிலிருந்தே கூவினார். அதுவரை அவர் வாங்கிக் குவித்திருந்த பழைய சரக்கைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். கடையிலேயே பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். கடிதம் மாறியிருந்தது. இந்த வருஷம் அண்ணன் வேலைக்காகக் கடல் தாண்டிப் போய்விட்டான். அவனுடைய வரிசையைக் கடைசிவரை பறிக்காமல் விட்டுவைத்தோம். அவனால் வர முடியவில்லை. தங்கை போய்ப் பறித்தாள்.

கடையில் நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முன்பின் பார்த்திராத ஸ்பெயின்காரன் ஒருவனுக்காக. அங்கிளின் மனைவி என்னைப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையைக் கையில் வைக்கும்போது என் விரல்களை ஒரு நொடி அழுத்திப் பிடித்தார்.

மறுநாள் நாலு மணிக்கு அவர் போன் செய்ததும் முதல் வேலையாகக் கேட்டேன், உங்கள் ஊரில் புதுசு வந்துவிட்டதா என்று. வந்துவிட்டது, நேற்றே வாங்கிவிட்டேன், கையில்தான் இருக்கிறது என்றார். 'டப்' என்று கேட்டது. அவர் குரலில் அந்தப் புதுக் கடிதத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

"பின்னாடி என்ன போட்டிருக்கு, வாசிங்களேன்," என்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். செய்தி வாசிப்பவர் குரல் வந்தது.

"இந்த வருஷம் மழை தாமதம். அப்பா பயந்தார். நாங்கள் ஐந்து பேரும் ஆளுக்கொரு வரிசையாக..."

அது பழைய கடிதம். அவர் ஒரு வார்த்தை பிசகாமல் கடைசிவரை வாசித்தார். மனப்பாடம். நான் என் கையிலிருந்த பாட்டிலின் கடிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது, கல்யாணமான புதிதில் ஒரு தோசைக்கரண்டி பறந்ததுண்டு. அன்றைக்கு மட்டும் அடக்கிக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்றேன். என்ன சமையல் என்று அவர் கேட்டார். வத்தக்குழம்பு என்றேன். போனை வைத்ததும் இவ்வளவு நாளாக என் காதில் பூ சுற்றியிருக்கிறார் என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அவர் பக்கத்தில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று தோன்றியது. அதைத் தவிர வேறென்ன காரணம் இருக்க முடியும்? நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு விமான டிக்கெட் எடுத்தேன். ஆச்சரியப்படுத்துவதற்காகச் சொல்லாமல் போகலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு என்ன செய்வது என்று பயந்து, முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

மில்பிடாஸ் வீட்டில் ஒரு கட்டில், ஒரு மடக்கு நாற்காலி, ஒரு டிவி. வேறு யாருடைய தடயமும் இல்லை. அவருடைய தடயமே கொஞ்சம்தான் இருந்தது. அடுப்பு புதிதுபோல மின்னியது. பெட்டியை வைக்க இடம் தேடி, வெந்நீர் டாங்க் இருந்த அலமாரியைத் திறந்தேன். தரை முழுக்க பாட்டில்கள், எங்கள் ஒயின். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை வரிசையாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. பின்வரிசைகளில் பழைய கடிதம், முன்னால் நின்ற சிலவற்றில் புதுக் கடிதம்.

அவர் கார் சாவியோடு வாசலிலேயே நின்றுவிட்டார். இதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

"வாங்கறத மட்டும் விடல," என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். ஆரம்பத்தில் சில வாரங்கள் இந்த வீட்டிலிருந்துதான் பேசினாராம், திறந்தாராம், குடித்தாராம். போனை வைத்தபிறகு பாதி பாட்டிலும் அவரும் மடக்கு நாற்காலியும் மட்டும் மிச்சம். அந்த மத்தியானத்தை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு ஞாயிறு காலையிலேயே போக ஆரம்பித்து, அங்கே தன் மேஜையிலிருந்தே எனக்கு போன் செய்திருக்கிறார். ஆபீஸில் ஒயின் எப்படிக் குடிப்பது? காபி மெஷின் காபிதான். சனிக்கிழமை பாட்டில் வாங்குவதை மட்டும் விரதம் மாதிரி நிறுத்தவில்லை. புது பாட்டிலை வாங்கி வந்து வைத்தாரே தவிர, அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

கார்க் சத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆள்காட்டி விரலைக் கன்னத்துக்குள் விட்டு வெளியே இழுத்தார். டப். கணீரென்று.

சிரித்திருக்க வேண்டும். அவரும் நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்துத்தான் செய்தார். வேறு ஒருத்தி இருந்திருந்தால்கூடக் கத்தித் தீர்த்திருப்பேன் போலிருக்கிறது. இதற்கு எப்படிக் கத்துவது? கீழ்வீட்டு ஆன்ட்டி என் நினைவுக்கு வந்தார். அரிசி டப்பாவும், தட்டிக்கழித்த பிறந்தநாள்களும்.

"அப்போ இத்தனை நாளும் நான் தனியாவா குடிச்சிட்டிருந்தேன்?" என்றேன்.

"நீ அந்த ஒரு மணி நேரம்தான் சந்தோஷமா பேசுவ. அதக் கெடுக்க மனசு வரலம்மா," என்றார்.

அப்போதுதான் அழுதேன். ஏமாந்ததற்கு இல்லை. எனக்கு அந்த ஒரு மணி நேரமாவது இருந்தது, இந்த மனுஷனுக்கு அதுவும் இல்லாமல் இருந்திருக்கிறதே என்றுதான். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

மறுநாள் சமைத்தேன். ஒரு பாட்டிலைத் திறப்போம் என்றார். அங்கேயும் ஸ்க்ரூடிரைவர்தான். கார்க் பொடிப்பொடியாக உதிர்ந்தது. வெந்நீர் டாங்கின் பக்கத்தில் மாதக்கணக்கில் நின்றுகொண்டே வெந்து, புளித்துப்போயிருந்தது. இன்னொன்றைத் திறந்தோம், அதுவும் அப்படித்தான். மூன்றாவதைத் திறக்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். பின்வரிசை முழுவதையும் இரண்டு பேருமாகத் தொட்டியில் கவிழ்த்தோம். சமையலறை முழுக்கக் காடி வாசனை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்று அவர் சொல்வாரா என்று காத்திருந்தேன். நான் வந்துவிடுகிறேன் என்று சொல்வேனா என்று அவரும் காத்திருந்திருக்கலாம். கிரீன் கார்டு இன்னும் ஆறு மாதத்தில் கைக்கு வரும் என்று வக்கீல் சொன்னதைத்தான் இருவரும் பேசினோம். ஒரே வீட்டில் சேர்ந்து இருக்கும் வரை இனி இந்த ஒயினைத் திறப்பதில்லை, போனில் பொய் சொல்வதில்லை என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்டோம். விமான நிலையத்தில் அவர் என் கையை விடவில்லை. உள்ளே போகும் வரிசை நகர்ந்ததும் நான்தான் விட்டேன்.

ஜெர்சி சிட்டிக்குத் திரும்பிய அந்தச் சனிக்கிழமை கால் தானாகக் கடைக்குள் போனது. அங்கிள் கேட்காமலேயே பாட்டிலை எடுத்துத் துடைத்துக் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த வீட்டில், அந்த நாலு மணிக்கு, மேஜையில் ஒன்றுமே இல்லாமல் எப்படி உட்காருவது என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு மூன்றரைக்கே திறந்துவிட்டேன். டம்ளரில் ஊற்றி, சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். நாலு மணிக்கு போன் அடித்தது.

"ஆபீஸ்லதான் இருக்கேன்," என்றார், முதல் வார்த்தையாகவே. "கையில ஒண்ணுமில்ல. காபிதான்." சத்தியத்தைக் காப்பாற்றுகிற பிள்ளையின் பெருமை குரலில் இருந்தது. அந்தக் குரலை நான் கெடுப்பதாக இல்லை.

"நீயும் திறக்கலயே?" என்றார்.

"இல்ல," என்றேன்.

பிறகு என்னைச் சிரிக்கவைக்க அவர் பக்கம் 'டப்' என்று கேட்டது. இப்போ உன் முறை என்றார். திறந்த பாட்டில் என் முன்னால் நின்றுகொண்டிருந்தது, கார்க் தட்டின் ஓரத்தில் கிடந்தது. நான் விரலைக் கன்னத்துக்குள் விட்டு இழுத்தேன். முதல் தடவையே அவருடையதைப் போலக் கணீரென்று வந்தது.

"பரவாயில்லையே, நல்லா வருதே," என்றார்.

நான் டம்ளரைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டேன்.